கயிற்றின் மறுமுனை

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழில் ஒரு சாகசத் தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறார். ஏழாவது அத்தியாயத்தில் கதாநாயகியின் மூக்கில் மயக்க மருந்து வைத்துக் கடத்திக்கொண்டு போய், கொலாபாவில் சசூன் டாக் என்ற மீன்பிடித் துறை பக்கம் ஒரு குடோனில் நாற்காலியோடு கட்டிப்போடுகிறார்கள். இரண்டு தடியன்கள் காவல். கண் விழித்ததும் அவள் மணிக்கட்டைத் திருகித் திருகிக் கட்டை நழுவவிட்டுத் தப்பித்துவிடுகிறாள். படித்த தோழிகள் எல்லோரும் ‘மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, இந்த இடம் மட்டும் சினிமா மாதிரி இருக்கிறது’ என்றார்களாம். பிடிபட்டவர்களையும் கட்டிப்போடப்பட்டவர்களையும் சாகசக் கதைகள் எப்படித்தான் காட்டுகின்றன, நான் எங்கே கோட்டை விட்டேன் என்று கேட்கிறார்.

நான் எழுத்தாளன் இல்லை. பம்பாய்த் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கயிறு, கம்பி, சங்கிலியோடு மாரடித்தவன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், இப்போது வடாலாவில் வாசம். மீதி நேரமெல்லாம் கதைப் புத்தகம். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் பொறுக்காமல் நான் சம்பள நாள் சாயங்காலம் வீடு திரும்பியதில்லை. கயிறும் தெரியும், கதையும் கொஞ்சம் தெரியும் என்ற தைரியத்தில்தான் இந்தப் பதில்.

உங்கள் அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தேன் அம்மா. முடிச்சைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கயிற்றின் நிறம், சுற்று, இறுக்கம் எல்லாம் இருக்கிறது. காவலுக்கு இருக்கிற இரண்டு பேருக்கும் பெயர்கூட இல்லை. ‘முதல் தடியன்’, ‘இரண்டாவது தடியன்’. தப்பு அங்கேதான். எந்தக் கயிற்றுக்கும் இரண்டு முனை உண்டு. ஒரு முனையில் பிடிபட்டவன், மறுமுனையில் பிடித்து வைத்திருப்பவன். காலம் காலமாக நிற்கிற சிறைக் காட்சிகளையெல்லாம் எடுத்துப் பாருங்கள், எழுதியவன் கண் அந்த மறுமுனையில் இருக்கும்.

ஸ்டீவன்சன் எழுதிய ‘புதையல் தீவு’ புத்தகமாக வந்தது 1883இல். கடைசிப் பகுதியில் கடற்கொள்ளையர்கள் புதையல் தேடிக் கிளம்புகிறார்கள். சிறுவன் ஜிம்மின் இடுப்பில் ஒரு கயிறு. மறுமுனை ஜான் சில்வரிடம். சில்வருக்கு ஒரு கால் கிடையாது, ஒரு கை ஊன்றுகோலுக்குப் போய்விடும். மிச்சம் ஒரே கை. அதனால் கயிற்றைச் சில சமயம் கையில் பிடிக்கிறான், சில சமயம் பல்லில் கடித்துக்கொள்கிறான். ஆட்டக்கரடி மாதிரி என்னை நடத்திக்கொண்டு போனார்கள் என்கிறான் பையன். முடிச்சு என்ன முடிச்சு என்று ஸ்டீவன்சன் மெனக்கெடவில்லை. ஆனால் பல்லில் கடித்த அந்தக் கயிறு போதும். பையனை விட்டுவிட்டால் தன் உயிருக்கே உத்தரவாதம் இல்லை என்று சில்வருக்குத் தெரியும். யார் யாரைக் கட்டியிருக்கிறார்கள் என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

கரடிக்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே நம் ஆட்கள் நாயைச் சொல்லிவிட்டார்கள். புறநானூறு 74. சேரன் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானிடம் போரில் தோற்றுக் குடவாயில் கோட்டத்தில் அடைபட்டுக் கிடக்கிறான். தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறான். உடனே வரவில்லை. பிறகு வருகிறது. அதை அவன் குடிக்கவில்லை, பாட்டுப் பாடிவிட்டு உயிரை விடுகிறான் என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. ‘தொடர்ப்படு ஞமலி’ என்று பாட்டிலேயே தன்னைச் சொல்லிக்கொள்கிறான். சங்கிலியில் கட்டிய நாய். சிறையின் சுவர், பூட்டு, விலங்கின் எடை எதுவும் பாட்டில் வராது. தாமதமாக வந்த ஒரு குவளைத் தண்ணீர்தான் சிறை முழுவதும். அதைக் கொண்டுவந்த காவலாளி முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். வேண்டுமென்றே தாமதித்தானா, வேறு வேலையில் மறந்துபோனானா? நல்ல எழுத்தாளர் கையில் கிடைத்தால் அவனுக்கே தனிக்கதை உண்டு.

கட்டுகிறவன் அவசரத்தில் கெடுத்துக்கொள்வது என்று ஒரு வகை இருக்கிறது. அதற்கு அனுமனைவிட நல்ல உதாரணம் கிடையாது. இந்திரஜித்து விட்ட பிரமாஸ்திரத்துக்கு அனுமன் கட்டுப்பட்டுக் கீழே விழுகிறான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அரக்கர்களுக்கு மனசு ஆறவில்லை. நார்க்கயிறு, மரவுரி என்று கையில் கிடைத்ததையெல்லாம் மேலே சுற்றுகிறார்கள். வால்மீகி சொல்வதைக் கேளுங்கள்: அந்த அஸ்திரம் இன்னொரு கட்டைப் பொறுக்காது. சாதாரணக் கயிறு மேலே விழுந்ததும் அஸ்திரம் கழன்றுவிடுகிறது. இந்திரஜித்துக்கு மட்டும் இது புரிகிறது, போச்சு எல்லாம் என்று கவலைப்படுகிறான். அனுமன் திமிறவில்லை. ராவணனை நேரில் பார்க்க வேண்டும் என்பதுதான் அவன் கணக்கு, இழுத்த இழுப்புக்குப் போகிறான். கம்பர் இந்த இடத்தில் வேறொரு வேடிக்கை செய்வார். மண்ணில் கிடைத்த கயிறு, தேவர்களிடம் பிடுங்கிய கயிறு, மற்றவர்களிடம் பறித்த கயிறு எல்லாம் போட்டுக் கட்டினார்களாம். இலங்கையில் தப்பித்தது அவர்கள் வீட்டுப் பெண்கள் கழுத்தில் கிடந்த தாலிக்கயிறு மட்டும்தானாம். துறைமுகத்தில் சில கங்காணிகள் சரக்கு கட்டச் சொல்லும் அழகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டு ஞாபகம் வரும். ஒழுங்காகப் போட்ட ஒரு கட்டின் மேல் பயத்தில் பத்துக் கட்டு போடச் சொல்வார்கள். அவிழ்க்கும்போது அழுகிறவர்கள் நாங்கள்.

இப்போது பெரிய சிறைக்கு வருவோம். அலெக்சாந்தர் துமாவின் மான்டி கிறிஸ்டோ கதை 1844 முதல் 1846 வரை தொடராக வந்தது, அதாவது அவரும் உங்களைப் போல ஒவ்வொரு தவணையிலும் வாசகனைப் பிடித்து வைக்க வேண்டிய கட்டாயத்தில் இருந்தவர். எட்மண்ட் தாந்தே ஒரு குற்றமும் செய்யாமல் கடல் நடுவே இருக்கிற கோட்டையில் பதினான்கு வருஷம் அடைபட்டுக் கிடக்கிறான். பெயர் போய் 34 என்ற எண் ஆகிவிடுகிறான். சுவரைத் தோண்ட அவனிடம் ஒன்றுமில்லை. மண்கூஜாவை உடைத்து அந்தச் சில்லால் சுரண்டுகிறான். காரை உதிர்கிறது, கல் அசையவில்லை. நெம்புவதற்கு இரும்பு வேண்டும். சிறைக்காவலன் தினமும் சூப் கொண்டுவருகிற பாத்திரத்துக்கு இரும்புக் கைப்பிடி இருக்கிறது. ஆனால் பாத்திரம் காவலனோடு திரும்பிப் போய்விடும், தாந்தேயின் தட்டில் ஊற்றிவிட்டுப் போவதுதான் வழக்கம்.

அவன் செய்வதைப் பாருங்கள். தட்டைக் கதவுக்கும் மேசைக்கும் நடுவே தரையில் வைத்துவிடுகிறான். காவலன் இருட்டில் மிதித்து உடைக்கிறான். தட்டை அங்கே வைத்தது தாந்தேயின் தப்பு, பார்க்காமல் மிதித்தது காவலனின் தப்பு. எதையும் சொல்ல முடியாமல் முணுமுணுக்கிறான். சூப்பை எதில் ஊற்றுவது? பாத்திரத்தையே விட்டுவிட்டுப் போங்களேன் என்கிறான் கைதி. இன்னொரு தட்டுக்காக மறுபடி படியேறி இறங்கச் சோம்பல். சரி என்று விட்டுவிட்டுப் போகிறான். கைப்பிடி கைக்கு வந்தாயிற்று.

இந்த ஒரு பக்கத்தை நான் இருபது தடவையாவது படித்திருப்பேன். இதில் வீரம் எங்கே இருக்கிறது? காவலனின் சோம்பலை அளந்து வைத்திருக்கிறானே, அங்கே. தினமும் எத்தனை மணிக்கு வருகிறான், எப்படி நடக்கிறான், எதற்கு அலுத்துக்கொள்வான் என்று பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தவன்தான் அந்தத் தட்டை அந்த இடத்தில் வைக்க முடியும். கடைசியில் தப்பிப்பதும் அப்படியே. பக்கத்து அறைக் கிழவர் ஃபாரியா இறந்ததும் அவர் பிணத்தை மாற்றிவிட்டு, பிணமூட்டைக்குள் தானே புகுந்து தைத்துக்கொள்கிறான். எங்கேயாவது புதைப்பார்கள், மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வரலாம் என்பது கணக்கு. தூக்குகிறவர்களோ காலில் முப்பத்தாறு பவுண்டு குண்டைக் கட்டிக் கடலில் வீசிவிடுகிறார்கள். அந்தக் கோட்டைக்குக் கடல்தான் கல்லறை. காவலர்களின் ஒரு வழக்கம் தெரியாமல் போனதால் உயிரே போகப் பார்த்தது.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1950இல் தொடங்கி 1954 வரை வந்த தொடர். வந்தியத்தேவன் தஞ்சைத் தங்கசாலைக்குள் இருக்கிற பாதாளச் சிறையில் மாட்டிக்கொள்கிறான். போகிற வழியில் புலிக்கூண்டுகள். அங்கேயும் அவன் பூட்டோடு மல்லுக்கட்டவில்லை. உள்ளே வந்த வைத்தியர் மகன் பினாகபாணியை மடக்கிக் கட்டிப்போட்டுவிட்டு, பைத்தியக்காரன் என்று எல்லோரும் நினைக்கிற கருத்திருமனோடு வெளியேறுகிறான். உள்ளே வருகிறவன் ஒருவன் இருந்தால்தான் வெளியே போக வழி இருக்கும்.

நிஜத்தில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன், கதையைவிட விசித்திரமாக இருக்கும். 1660இல் ராபர்ட் நாக்ஸ் என்ற பத்தொன்பது வயது ஆங்கிலேயன், அப்பா தலைமையில் வந்த கப்பலோடு திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில் இறங்குகிறான். புயலில் பாய்மரம் போய்விட்டது, சரிசெய்ய வந்தார்கள். கண்டி அரசன் ராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு மேல் கைதி. ஆனால் விலங்கு கிடையாது, அறை கிடையாது. ஆளுக்கொரு கிராமத்தில் விட்டுவிட்டு, சோறு போடுவது உங்கள் பொறுப்பு என்று ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டார்கள். நாக்ஸ் தொப்பி பின்னி விற்றான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான், சாமான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக வியாபாரத்துக்குப் போனான். வியாபாரி வருகிறான் போகிறான் என்று எல்லோருக்கும் கண் பழகிப்போகும் வரை போய் வந்தான். பிறகு ஒருநாள் வடக்கே போனவன் திரும்பவில்லை. 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்பு என்ற ஊரில் இருந்த டச்சுக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். 1681இல் அவன் எழுதிய புத்தகம் லண்டனில் வெளிவந்தது. காவலை ஏமாற்ற அவன் எடுத்துக்கொண்ட ஆயுதம் பழக்கம். கயிற்றை அறுக்க ஒரு கத்தி போதும், பழக்கத்தை உண்டாக்க வருஷக்கணக்கு வேண்டும்.

படக்கதை வேறு ரகம். இங்கே பம்பாயில் அச்சாகி வந்த இந்திரஜால் காமிக்ஸ் 1964இல் தொடங்கியது. அதில் வந்த முகமூடி வீரர் வேதாளரைத் தமிழிலும் படித்தோம். ஒரு படக்கட்டத்தில் அவரைத் தூணில் கட்டியிருப்பார்கள், அடுத்த கட்டத்தில் எதிரியின் தாடையில் குத்து. இரண்டு கட்டத்துக்கும் நடுவே இருக்கிற வெள்ளைக் கோட்டில் மணிக்கணக்கான அலுப்பைப் புதைத்துவிடலாம். எழுத்தில் அந்த வெள்ளைக் கோடு இல்லை. உங்களுக்கு ‘சினிமா மாதிரி’ என்ற பெயர் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, உடம்புக்கு வருவோம். இதில்தான் சாகசக் கதைகள் கூசாமல் பொய் சொல்கின்றன. பின்மண்டையில் ஒரு தட்டு, நாயகன் மயங்கி, ஒரு மணிநேரம் கழித்துக் கழுத்தைத் தடவிக்கொண்டே எழுந்திருப்பான். தலையில் அடிபட்டுச் சில நிமிஷத்துக்கு மேல் நினைவு இல்லாமல் கிடந்தால் அது மூளையில் பலத்த காயம். எழுந்து சண்டை போடுகிற நிலைமையில் இருக்க மாட்டான், வாந்தி எடுத்துக்கொண்டிருப்பான். குளோரோபார்ம் கைக்குட்டையும் அப்படித்தான். மூக்கில் வைத்ததும் யாரும் சாய்ந்துவிடுவதில்லை, விடாமல் ஐந்து நிமிஷம் போல மூச்சில் ஏற வேண்டும், அந்த ஐந்து நிமிஷமும் ஆள் திமிறுவார். அளவு தப்பினால் இதயம் நின்றுவிடும். மயக்க மருந்தாக அதை மருத்துவர்கள் கைவிட்டதே இந்த ஆபத்தால்தான். வாயில் துணி அடைப்பது இன்னும் மோசம். சத்தம் முழுக்க நிற்காது, ஜலதோஷம் பிடித்திருந்தால் மூச்சு நின்றுவிடும். கதையில் துணியை எடுத்ததும் நாயகி அழகாக வசனம் பேசுவாள். நிஜத்தில் நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருக்கும், முதலில் தண்ணீர்தான் கேட்பாள்.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்தது போதாது என்று போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்தேன். என் தங்கை மகன் இங்கே கல்லூரியில் படிக்கிறான், எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். என்னை அந்த மர நாற்காலியில் உட்கார வைத்து, கையைப் பின்னால் கட்டு, ஒரு மணிநேரம் அவிழ்க்காதே, நீதான் காவல் என்றேன். மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற பருத்திக் கயிறு. இறுக்கமாகக்கூடக் கட்டவில்லை.

மூன்றாவது நிமிஷம் மூக்கு அரித்தது. சிரிக்காதீர்கள், அந்த அரிப்பைத் தவிர உலகத்தில் வேறு எதுவுமே இல்லை. கன்னத்தைத் தோளில் தேய்த்தேன், எட்டவில்லை. ‘டேய், மூக்கைக் கொஞ்சம் சொறிஞ்சு விடு’ என்றேன். வந்து சொறிந்தான். பத்தாவது நிமிஷம் மின்விசிறிக் காற்றில் கண் எரிந்தது, வேகத்தைக் குறைத்தான். பிறகு தண்ணீர் கேட்டேன். டம்ளரை வாயில் சாய்த்தான், பாதி சட்டையில் ஊற்றியது, துண்டு எடுக்க ஓடினான். இருபது நிமிஷத்துக்கு மேல் விரல்கள் என் விரலாகவே இல்லை. கட்டைவிரல் அடியில் புறங்கை மரத்துப்போய் எறும்பு ஊர்கிற மாதிரி. மணிக்கட்டில் மேலாக ஓடுகிற நரம்பு நசுங்கினால் அந்த இடம்தான் முதலில் மரக்கும், கைவிலங்கு இறுகியவர்களுக்கும் இப்படி ஆகும். தோள்பட்டை வலி தனி. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது பையனைத்தான். டிவியில் கிரிக்கெட் ஓடுகிறது, போய்ப் பார்க்க முடியவில்லை. போன் அடிக்கிறது, பேசிக்கொண்டே வாசலுக்குப் போனவன் என் ஞாபகம் வந்து திரும்பி ஓடிவருகிறான். அரை மணிநேரத்தில், ‘மாமா, பாத்ரூம் போய்ட்டு வரேன், நீங்க அப்படியே இருங்க’ என்றான். நான் எங்கே போகப் போகிறேன்! நாற்பதாவது நிமிஷம் அவனே அவிழ்த்துவிட்டான். ‘கட்டினது உங்களை, கஷ்டம் எனக்கு’ என்றான்.

என் தங்கை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். டம்ளரைப் பிடிக்க எனக்கு விரல் மடங்கவில்லை. பேனா பிடித்துக் கையெழுத்துப் போட ஒரு கால் மணிநேரம் ஆனது. உங்கள் நாயகி இரவு முழுக்கக் கட்டுண்டு கிடந்துவிட்டு, அவிழ்ந்ததும் பாய்ந்து ஒருவன் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்குகிறாள்.

கயிற்றைப் பற்றி நீங்கள் எழுதியதில் இரண்டு இடம் சரி, ஒரு இடம் தப்பு. நைலான் கயிறு வழுவழுப்பானது, முடிச்சு நழுவும், இழுத்தால் நீளும் என்பது சரி. நனைந்தால் இறுகும் என்று எழுதியிருக்கிறீர்களே, அது பருத்தி, சணல் மாதிரி நார்க்கயிற்றின் குணம். நார் தண்ணீரில் ஊதும், கயிறு நீளத்தில் சுருங்கும், முடிச்சு கல் மாதிரி ஆகும். அப்புறம் அந்த மணிக்கட்டு வித்தை. கட்டும்போதே மூச்சை இழுத்து நெஞ்சை விரித்து, தசையை முறுக்கி வைத்துக்கொண்டு, பிறகு தளர்த்தி அந்த இடைவெளியில் நழுவுவது பழைய வித்தைதான். தப்பிக்கும் வித்தைக்காரர் ஹூடினி கயிற்றுக் கட்டுகளைப் பற்றி 1920 வாக்கில் ஒரு புத்தகமே போட்டார். ஆனால் அதற்கு, கட்டும்போது ஆள் விழித்திருக்க வேண்டும். உங்கள் நாயகியை மயக்கத்தில் அல்லவா கட்டினார்கள்? மயங்கிக் கிடக்கிறவள் எப்படி நெஞ்சை விரிப்பாள்?

கதாநாயகி என்றதும் இன்னொன்று. தண்டவாளத்தில் கட்டப்பட்ட பெண், தூரத்தில் ரயில், குதிரையில் நாயகன் என்ற படம் எல்லோர் மனசிலும் இருக்கிறது. அது முதன்முதலில் பேர்வாங்கிய மேடை நாடகம் 1867இல் நியூயார்க்கில் நடந்தது. அதில் தண்டவாளத்தில் கட்டப்பட்டவன் ஆண், போரில் ஒரு கையை இழந்த சிப்பாய். பக்கத்துக் கொட்டகையில் பூட்டி வைக்கப்பட்ட பெண் கோடரியால் கதவை உடைத்துக்கொண்டு வந்து அவனைக் காப்பாற்றுகிறாள். பிற்பாடுதான் ஆளை மாற்றிவிட்டார்கள். 1913 வாக்கில் பெண்ணைத் தண்டவாளத்தில் கட்டுவது ஊமைப்படத்தில் கிண்டலாகவே ஆகிவிட்டது. நம் ஊருக்கு வந்தால், பரேலில் ஸ்டூடியோ வைத்திருந்த வாடியா சகோதரர்கள் 1935இல் ‘ஹன்டர்வாலி’ எடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்த நாடியா சாட்டையும் முகமூடியுமாகக் குதிரையில் வந்து ஆண்களைப் புரட்டி எடுத்தார். இந்த ஊரில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு, கட்டிப்போட்ட பெண் காத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

கடத்தியவன் மேலேயே காதல் வருகிற விவகாரத்தை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். அதை ‘ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்’ என்பார்கள். ஸ்டாக்ஹோமில் 1973இல் ஒரு வங்கியில் நான்கு பேர் ஆறு நாள் பிணைக்கைதிகளாக இருந்ததை வைத்து வந்த பெயர் அது. அங்கே அவர்களுக்குப் போலீஸ்மேல் பயம் வந்தது, தங்களை வைத்திருந்தவனிடம் கரிசனம் வந்தது. உயிர் யார் கையில் இருக்கிறதோ அவன் முகத்தைப் பார்த்துப் பிழைக்கிற சாமர்த்தியம் என்றுதான் எனக்குப் படுகிறது. தொடர்கதைக்காரர்கள் அதைக் கல்யாணம் வரை கொண்டுபோய்விடுகிறார்கள்.

இனி உங்கள் குடோன். சசூன் டாக் 1875இல் கட்டியது. மீன்பிடிப் படகு வந்து சேர்கிற இடம். இரவெல்லாம் ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கலாம், விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். மீனவச் சமூகத்துக் கோலிப் பெண்கள் கூடையோடு வருவார்கள், ஐஸ் உடைக்கிற சத்தம், கைவண்டிச் சத்தம், மராத்தியிலும் இந்தியிலும் கூச்சல். இறால் உரிக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். உங்கள் ஆட்கள் அந்த நேரத்துக்குள் இவளை அங்கிருந்து நகர்த்தியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சின்ன முனகல் போதும், பத்துப் பெண்கள் கத்தியோடு கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். கெடு அவளுக்கு இல்லை, அவர்களுக்கு. வண்டி வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஒருவன் வெளியே போய்ப் போய்ப் பார்க்கிறான். இன்னொருவனுக்கு இந்த மீன் வாடை ஒத்துக்கொள்ளவில்லை. அவன் ஊர் எது? தமிழா, மராத்தியா? அவனுக்கும் இது முதல் தடவையா? அவள் தண்ணீர் கேட்டால் கொண்டுவருவானா, குடவாயில் காவலாளி மாதிரி தாமதிப்பானா? தண்ணீர் கொடுக்க வேண்டுமானால் வாய்த்துணியை எடுக்க வேண்டும். எடுத்தால் அவள் பேசுவாள். பேச ஆரம்பித்துவிட்டால் உங்கள் அத்தியாயம் அங்கே தொடங்குகிறது.

கயிற்றை அவள் அவிழ்க்கவே வேண்டாம். அவிழ்க்கிறவன் அவனாக இருக்கட்டும், விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், தன்னை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்ற பயத்தில். எதைச் சொல்லி அவள் அவனை அந்த இடத்துக்குக் கொண்டுவருகிறாள் என்பது உங்கள் சாமர்த்தியம், அதில் நான் தலையிட மாட்டேன்.

திருத்தி எழுதியதும் அனுப்புங்கள் அம்மா, படிக்கிறேன். அந்த இரண்டாவது தடியனுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.